நோய் வராதவருக்குத் தரும் மாத்திரை: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மாநிலம் முதல் வட்டாரம் வரை வேலை பார்க்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

வடமாவட்டத்தில் பட்டுத்தறி ஓடும் ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு என்று ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பது 16 வருடமாக என் வேலை. எனக்காக நானே உட்கார்ந்து அடிக்கும் முதல் மனு இது.

2022 ஆடி மாதம் என் அண்ணனுக்கு டிபி என்று தெரிந்தது. குழித்தறியில் நெய்கிறவர். மூன்று மாதமாக இருமியதை நூல் தூசி என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சளியில் கிருமி இருக்கிறது என்று ரிசல்ட் வந்த அன்றே அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஆரம்பித்தார்கள். அந்த வருடம் ஏப்ரலில்தான் நீங்கள் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியிருந்தீர்கள். அதன்படி எடை பார்த்தார்கள், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மருந்து சாப்பிட்டு அண்ணன் குணமானார். ஒரு பைசா செலவில்லை. இதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வராது.

நான் எழுத வந்தது, அந்த வீட்டில் அன்றைக்கு நோய் இல்லாமல் இருந்த நான்கு பேரைப் பற்றி. அண்ணி, சர்க்கரை நோய் உள்ள என் அம்மா, பிளஸ் ஒன் படித்த அண்ணன் பையன், நாலு வயதுப் பெண் குழந்தை. தறி போட்டிருக்கும் கூடத்திலேயேதான் அவர்கள் நான்கு பேருக்கும் படுக்கை.

அண்ணனுக்கு மருந்து தொடங்கிய மறுவாரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்தார். காலை பதினொரு மணி இருக்கும். அண்ணியும் பையனும் வீட்டில் இல்லை. யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். இல்லை என்றதும் பெயர்களை எழுதிக்கொண்டு, குழந்தையை எடை பார்த்து, ஒரு கவரில் மாத்திரைகளைக் கொடுத்தார். “இது எல்லாருக்கும், தினம் ஒண்ணு, ஆறு மாசம்.” அம்மா கேட்டார்: “எங்களுக்குத்தான் நோயே இல்லையே, எதுக்கும்மா மாத்திரை?” “வராம இருக்கத்தான் பாட்டி.” அவ்வளவுதான் பேச்சு. அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி இருந்தது. சொந்த வண்டியில் வந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாமே கோணலாகிப் போனது.

சரி, அந்த மாத்திரைகள் என்ன ஆயின என்று சொல்கிறேன்.

குழந்தைக்கு நான் கொடுத்தேன். என் வீடு அண்ணன் வீட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்கி, துளி வாழைப்பழத்தில் குழைத்து ஊட்டுவேன். முதல் வாரம் துப்பினாள். அப்புறம் அவளே வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும் வேலை அவளுடையது. கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு பூ போட்டுத் தருவேன், அதைச் சேர்த்து வைப்பாள். அப்படி 180 தாள் சேர்ந்தது. அண்ணி நாலு மாதம் சாப்பிட்டார். அம்மா இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, பாதம் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

பையன் விஷயம் எனக்குத் தெரியாமலே போனது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அத்தை ஊட்டிவிட முடியுமா? “சாப்பிட்டியாடா?” என்று கேட்பேன். “ம்” என்பான்.

2024 பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பதற்காக அண்ணன் வீட்டுச் சாமான்களை இறக்கினோம். சமையலறை ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கரண்ட் கார்டு, கேஸ் புத்தகம், அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஆறு மாத்திரை அட்டைகள். ஐசோனியசிட், பையனுக்குத் தந்த அதே தடுப்பு மாத்திரை. முதல் அட்டையில் பத்தும் பிரிந்திருந்தன, இரண்டாவதில் ஒன்று. பாக்கி 49 மாத்திரையும் அப்படியே இருந்தன. ரப்பர் பேண்டு இளகி அட்டையோடு ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது வெளியே திண்ணையில் பையன் இருமிக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக இருந்த இருமல். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

தை மாதமே சளிப் பரிசோதனை எடுத்தோம். டிபி. பிளஸ் டூ பொதுத்தேர்வை மாஸ்க் போட்டுக்கொண்டு எழுதினான். ஆறு மாத மருந்தை முடித்தான், இப்போது நன்றாக இருக்கிறான், கல்லூரிக்குப் போகிறான். மருந்து தொடங்கிய அன்று பதிவைப் பார்த்த ஒரு ஊழியர், “இவருக்குத் தடுப்பு மருந்து முடிஞ்சிருக்குன்னு இருக்கே” என்றார். அந்த வரியை யார், எப்போது ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தண்டனை வாங்கித் தர நான் இதை எழுதவில்லை. மஞ்சப்பையில் இருந்த 49 மாத்திரையைப் பற்றி உங்கள் துறைக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஏன் நிறுத்தினாய் என்று அவனிடம் பின்னால் மெதுவாகக் கேட்டேன். மாத்திரை போட்ட அன்று வயிற்றைப் பிரட்டியது, பள்ளிக்கூடப் பையில் அட்டையைப் பார்த்த நண்பன் “உனக்கும் டிபியாடா?” என்று கேட்டான், அதோடு விட்டுவிட்டேன் என்றான். “நல்லாத்தானே அத்தை இருந்தேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல 2022-ல் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் பையனுக்கு நோய் வந்த பிறகுதான் நான் தேடித்தேடிப் படித்தேன், டாக்டர்களைக் கேட்டேன். இப்போது தெரிகிறது. டிபி கிருமி உடம்புக்குள் போனவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்குள் அது தூங்கிக்கொண்டு கிடக்கும். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் உடம்பில் அந்தக் கிருமி நுழைந்த தடயம் இருந்தது. அப்படி நுழைந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் அது நோயாக எழுந்துகொள்ளும். எழுந்துகொள்வது பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள். சின்னக் குழந்தை, எச்ஐவி உள்ளவர், சர்க்கரை உள்ளவர், சத்துக் குறைந்தவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். தூங்கும்போதே அதை ஒழித்துக்கட்டத்தான் அந்த மாத்திரை. எங்கள் பையனுக்கு நோய் வந்தது ஒன்றரை வருடத்தில். எந்த இடைவெளியில் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறதோ அதே இடைவெளி.

மாத்திரையை முடித்திருந்தால் அவனுக்கு நிச்சயம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தடுப்பு மருந்தும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ஆபத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கும் மருந்து அது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் அலாஸ்காவில், டிபி ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்த பெத்தெல் பகுதியில், ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற டாக்டர் இதே ஐசோனியசிடை வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார். மருந்து சாப்பிட்டவர்களிடம் நோய் பெருமளவு குறைந்தது. அந்தப் பாதுகாப்பு பல வருடம் நின்றது. அவர் தன் குடும்பத்தோடு தானும் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டவர் என்று படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் “எங்க வீட்லயும் இத சாப்பிட்டோம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் முகம் மாறியிருக்கும்.

இன்னொரு கேள்வி எங்கள் தெருவில் எல்லாரும் கேட்பது: “பொறந்தப்பவே டிபி ஊசி போட்டாச்சே?” பிசிஜி. கைக்குழந்தைகளுக்கு மூளையில் வரும் டிபி போன்ற கொடூரமான வகைகளிலிருந்து அது காப்பாற்றுகிறது. பெரியவர்களுக்கு நுரையீரலில் வருவதை அது தடுக்கிறதா என்று உலகத்திலேயே பெரிய சோதனை நடந்தது நம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான், 1968-ல் தொடங்கி. திருவள்ளூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய், சுமார் 3,60,000 பேர் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தது. தழும்பைக் காட்டி “எனக்கு வராது” என்று சொல்கிறவர்களிடம், இதைக் கண்டுபிடித்ததே உங்கள் தாத்தா பாட்டி மாதிரி ஆட்கள் கையை நீட்டியதால்தான் என்று சொல்லலாம். நம் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

யானைக்கால் மாத்திரையை ஊரே ஒரே நாளில் விழுங்கியது. பூச்சி மாத்திரையைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் மென்று முழுங்கிவிட்டுப் பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு முடிகிற வேலை. அம்மா சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார். 2021-ல் நீங்கள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வருகிறது. அதை அவர் விடாததற்குக் காரணம், விட்டால் மறு மாதம் சர்க்கரை 300 என்று எண் காட்டும். டிபி தடுப்பு மாத்திரை இந்த இரண்டிலும் சேராது. உடம்பில் ஒரு குறையும் தெரியாத ஆள், நல்லாயிருக்கும் ஒவ்வொரு நாளும், ஆறு மாதம், யாரும் பார்க்காத இடத்தில், தன் கையால் எடுத்து விழுங்க வேண்டும். நோயாளிக்கு இருமலே ஞாபகப்படுத்தும். இவருக்கு ஞாபகப்படுத்த என்ன இருக்கிறது? ஆகவே நோயாளியிடம் பேசுவதைவிட நோயில்லாதவரிடம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. நடப்பது தலைகீழ். அண்ணனோடு ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் பேசினார்கள். மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்.

ஆகவே முதலில் கேட்பது இதுதான்: ஒரு வீட்டுக்குத் தடுப்பு மாத்திரை தரும் முதல் வருகைக்கு, உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதை வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் வரட்டும். எங்கள் ஊரில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்தான் தறியை விட்டு எழுந்திருப்பார்கள். காலை பதினொரு மணிக்கு வந்தால் பாட்டியும் குழந்தையும்தான் இருப்பார்கள். அதற்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெண்களை இன்னும் ஓட வைக்கச் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டுங்கள், பெட்ரோல் காசை மாதா மாதம் கொடுங்கள். டிபி வந்து குணமானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என் அண்ணனையே கூப்பிடுங்கள், வருவார். அவர் சொன்னால் நெசவாளர்கள் கேட்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பேச வேண்டும் என்பதும் எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது. அம்மாவின் பாதம் மரத்தது ஐசோனியசிடால் வரக்கூடிய தொந்தரவு. உடம்பில் பி6 வைட்டமினை அது குறைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீக்கிரம் தெரியும். பைரிடாக்சின் என்ற சின்ன வைட்டமின் மாத்திரை கூடவே கொடுத்தால் பெரும்பாலும் வராது. அம்மாவுக்கு அது தரப்படவில்லை. பாதம் மரத்தால் யாரைக் கேட்பது என்றும் சொல்லப்படவில்லை. வாந்தி, பசியே இல்லாமல் போவது, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், கல்லீரலாக இருக்கலாம், மாத்திரை சாப்பிடும் காலத்தில் குடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள். சொல்லாமல் விட்டால்தான் ஏதோ ஒரு நாள் வயிற்றைப் பிரட்டியதும் அட்டையை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். மாத்திரை அட்டையோடு ஒரு போன் நம்பர் கொடுங்கள், அதைக் கூப்பிட்டால் எடுக்கிற ஆள் இருக்கட்டும்.

எக்ஸ்ரே விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பு மாத்திரை தொடங்குமுன் உள்ளே ஏற்கெனவே நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் வியர்ப்பது என்று நான்கையும் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்க வேண்டும். குழந்தை என்றால் எடை ஏறுகிறதா, ஓடியாடி விளையாடுகிறதா என்று பார்க்க வேண்டும். நோய் முளைத்துவிட்ட ஆளுக்கு ஒற்றை மருந்தைக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அது அடங்குவது கஷ்டம். எங்கள் பையனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவன் சார்பில் பாட்டிதான் பதில் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் தறி நிற்கும், ஒரு நாள் கூலி போகும். தூக்கிக்கொண்டு வரும் எக்ஸ்ரே கருவிகள் இப்போது இருக்கின்றன. முகாம்களில் நானே பார்த்தேன். டிபி வந்த வீடு இருக்கும் தெருவுக்கு அதைக் கொண்டு வாருங்கள். தெருவுக்கே எடுத்தால் இன்னொரு நன்மை: “அந்த வீட்டுக்கு மட்டும் வண்டி வந்தது” என்ற பேச்சு வராது. பரிசோதனை வசதி இல்லை என்பதற்காக ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2021-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டியே சொல்கிறது. அதனால் எக்ஸ்ரே வரும்வரை காத்திருப்போம் என்று மாதக்கணக்கில் இழுத்துவிடவும் வேண்டாம். முதலில் ஆளை நேரில் பாருங்கள்.

அடுத்து, மாத்திரையின் எண்ணிக்கை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஐசோனியசிடோடு ரிஃபாபென்டைன் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து வாரத்துக்கு ஒரு நாள், 12 வாரம் சாப்பிட்டால் போதும் என்று ஒரு முறை இருக்கிறது. 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், தினமும் ஒன்பது மாதம் ஐசோனியசிட் சாப்பிட்டவர்களில் 69 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். வாரம் ஒரு முறை சாப்பிட்டவர்களில் 82 சதவீதம் பேர் முடித்தார்கள். காப்பாற்றும் திறனில் இது அதற்குக் குறைந்ததாக இல்லை. நம் நாட்டின் திட்டத்திலும் இந்த முறை இருக்கிறது. அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 180 நாள் எங்கே, 12 நாள் எங்கே! பன்னிரண்டு வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்கு விளக்குப் போடும் கணக்கு. எங்கள் தெருப் பெண்கள் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார்கள். சுகாதாரப் பணியாளரும் பன்னிரண்டு தடவை வந்து கண்ணெதிரே சாப்பிட வைத்துவிடலாம். பதினாறு வயதுப் பையன் பள்ளிக்கூடப் பையில் அட்டையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகும், அதில் ஆபத்து இல்லை. கருத்தடை மாத்திரையின் வேலையை இது கெடுக்கும், சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையையும் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது, அவர்களுக்குத் தினசரி மாத்திரைதான். வீட்டில் வந்தது மருந்துக்கு அடங்காத டிபி என்றால் தடுப்பு மருந்தே வேறு. இத்தனையையும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் யாரால் சொல்ல முடியும்?

தனியாரிடம் மருந்து வாங்கும் குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் டவுனில் தனியார் டாக்டரிடம் டிபிக்கு வைத்தியம் பார்த்தார். அவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. தடுப்பு மாத்திரை என்ற ஒன்று உண்டு என்பதையே அவர்கள் என் கடைக்கு வந்தபோது என் வாயால்தான் கேட்டார்கள்.

சோற்றைப் பற்றி ஒன்று. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, அதோடு சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2023-ல் முடிவு வந்தது: அந்த வீட்டாருக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு இப்போது மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறீர்கள், நல்லது. நெய்கிறவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் முதலில் குறைவது பிள்ளைகளின் தட்டு. தடுப்பு மாத்திரையோடு அந்த வீட்டு ரேஷன் கார்டுக்குக் கூடுதல் பருப்பு என்று நம் மாநிலம் ஒரு உத்தரவு போட்டால், மாத்திரையையும் மதித்துச் சாப்பிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக, கணக்கு. 1956-ல் சென்னையில் ஒரு வேலை நடந்தது. உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிபி நோயாளியைச் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டாருக்குத் தொற்றுமா என்று வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டரின் தலைமையில் பார்த்தார்கள். குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் இருந்த ஏழைகள்தான் நோயாளிகள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டு அவர்களும் குணமானார்கள். மருந்து தொடங்கிய பிறகு வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே சானடோரியங்களை மூடியது அதற்கப்புறம்தான். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்கள். நோயாளியைக் கள்ளன் என்று நினைத்துச் செய்ததில்லை. மனுஷன் மறப்பான், சலிப்பான் என்று தெரிந்து செய்தது. 1956-ல் சைக்கிளும் பஸ்ஸும் வைத்துக்கொண்டு சென்னையில் செய்ய முடிந்தது, 2022-ல் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய ஆறு அட்டையை ஒருவரும் எண்ணவில்லை.

மாவட்டக் கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்கும் எண், முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதாக இருக்கட்டும். முடிக்காதவர் பெயருக்கு எதிரே “முடிக்கவில்லை” என்று எழுதும் ஊழியருக்குத் திட்டு விழக்கூடாது. திட்டு விழும் என்றால் “முடிந்தது” என்றுதான் எழுதுவார்கள், அப்புறம் அந்தப் பையனைத் தேடி யாரும் போக மாட்டார்கள். ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஒரு கட்டம் வையுங்கள். “பாதம் மரத்தது”, “நண்பன் கேலி செய்தான்” என்று அதில் வந்து விழட்டும். அவை தீர்க்கக்கூடிய காரணங்கள்தான்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு பாவு ஓட்டும் அம்மாவுக்கு டிபி என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் ஏழு வயதிலும் பதினான்கு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுக்காரர், மாமியார். தெரிந்த அன்றே நான் போய்ப் பேசிவிட்டேன். நாலு பேரும் எக்ஸ்ரே எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பெரிய பெண் மட்டும், பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். தெரியாது, வாரம் ஒரு தடவை மாத்திரை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே வந்து சாப்பிட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன்; அந்த மாத்திரை இப்போது இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதை அனுப்பி வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது ஆள் வந்தாலும் கடை திறந்திருக்கும், அந்தக் குடும்பம் மொத்தத்தையும் உட்கார வைக்க நாற்காலியும் இருக்கிறது.

இப்படிக்கு,
நெசவாளர் தெரு ஜெராக்ஸ் கடைக்காரி,
இரண்டு பிள்ளைகளின் அத்தை